ஓட்டுநர் இல்லாமல் மெட்ரோ ஓடும்... கன்ட்ரோலர் இல்லாமல் விமானம் பறக்குமா? வான் போக்குவரத்து ஆட்டோமேஷன்: முழு விளக்கம்

சென்னை மெட்ரோ 2-ஆம் கட்டத்தில், மாதவரத்தில் தொடங்கும் 3-வது வழித்தடம் சுமார் 45 கிலோமீட்டர் ஓடி சிறுசேரி சிப்காட்டில் வந்து முடிகிறது. இந்தப் பாதையில் ஓடப்போவது ஓட்டுநர் இல்லாத ரயில்கள். ஓஎம்ஆர் டிராஃபிக்கில் தினமும் சிக்கி, ஐடி பார்க்குக்கு வந்து போகிறவர்களுக்கு இது நல்ல சேதிதான்.

அதே சிறுசேரிக்கு வடமேற்கே, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில், இன்றைக்கும் ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் ஒரு மனிதர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரயிலைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க முடிகிறது. விமானத்தை வழிநடத்தும் வேலையை ஏன் ஒப்படைக்க முடியவில்லை? ஏஐ காலத்தில் அங்கே இன்னும் எதற்கு ஆள்?

நியாயமான கேள்வி. ஆனால் 2025 நவம்பரில் டெல்லியில் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு பழுதாகி, 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானபோது, இதே கேள்வி தலைகீழாகவும் கேட்கப்பட்டது: இயந்திரத்தை இவ்வளவு நம்பலாமா?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏடிசி என்னதான் செய்கிறது?

ஏர் டிராஃபிக் கன்ட்ரோல், சுருக்கமாக ஏடிசி. விமானத்தை ஓட்டுவது பைலட். ஆனால் எப்போது கிளம்பலாம், எந்த உயரத்தில் பறக்கலாம், எந்தத் திசையில் திரும்பலாம், எப்போது இறங்கலாம் என்பதற்கெல்லாம் அனுமதி தருவது தரையில் இருக்கும் கன்ட்ரோலர்.

இந்த வேலை மூன்று கட்டமாகப் பிரிந்திருக்கிறது. ஓடுபாதையையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பார்ப்பது டவர். கிளம்பிய விமானத்தை மேலே ஏற்றிவிடுவதும், வருகிற விமானங்களை வரிசைப்படுத்தி இறக்குவதும் அப்ரோச் பிரிவு. உயரே, நீண்ட தூரப் பாதையில் போகிற விமானங்களைக் கவனிப்பது ஏரியா கன்ட்ரோல்.

இந்திய வானம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரிய மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னை மண்டலம் தென் மாநிலங்களின் வானத்தோடு முடிந்துவிடுவதில்லை. மாமல்லபுரம் கடற்கரையைத் தாண்டி, வங்கக்கடலுக்கு மேலே வெகுதூரம் வரை அது நீள்கிறது. சென்னையில் இறங்காமல் மேலே கடந்து போகிற வெளிநாட்டு விமானங்களும் இந்த மண்டலத்துக்குள் இருக்கும்வரை இங்கே உள்ளவர்களின் பொறுப்பு.

கன்ட்ரோலரின் அடிப்படை வேலை ஒன்றுதான்: இரண்டு விமானங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறையாமல் பார்த்துக்கொள்வது. உயரப் பறக்கும் பாதைகளில் மேலும் கீழுமாக 1,000 அடி, ரேடார் உள்ள இடத்தில் பக்கவாட்டில் பொதுவாக 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர். தரையிலிருந்து பார்க்க இது பெரிய தூரமாகத் தெரியும். ஆனால் இரண்டு ஜெட் விமானங்கள் நேருக்கு நேர் வந்தால், அந்த 9 கிலோமீட்டர் கரைய ஏறக்குறைய 20 விநாடி போதும்.

அப்படியானால் இயந்திரமே அங்கே இல்லையா?

நிறையவே இருக்கிறது. பல ரேடார்களின் தகவலை ஒன்றாகச் சேர்த்து ஒரே திரையில் காட்டுவது, புள்ளிக்குப் பக்கத்திலேயே விமானத்தின் பெயர், உயரம், வேகம் ஆகியவற்றைப் போடுவது, விமான நிறுவனம் கொடுத்த பயணத் திட்டத்தை அந்தப் புள்ளியோடு பொருத்துவது, இரண்டு விமானங்கள் நெருங்கினால் நிறம் மாறி எச்சரிப்பது எல்லாமே கம்ப்யூட்டர் செய்கிற வேலை. விமானத்துக்குள்ளும் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறது. எதிரே ஆபத்து வந்தால், 'ஏறு' அல்லது 'இறங்கு' என்று அதுவே பைலட்டுக்குச் சொல்லும்.

இவை இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. 1996 நவம்பர் 12-ஆம் தேதி, டெல்லிக்குப் பக்கத்தில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதின. 349 பேர் இறந்தார்கள். உலகில் நடுவானில் நடந்த மோதல்களிலேயே மிக மோசமானது இதுதான்.

அன்றைக்கு டெல்லியில் இருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும். எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. கன்ட்ரோலர் 15,000 அடியில் இருக்கச் சொன்ன விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க அவரிடம் கருவி இல்லை. டிகாஸும் அந்த விமானங்களில் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் இந்திய வானில் டிகாஸ் கட்டாயமானது.

ஆக, 'மெஷினே வேண்டாம், மனுஷன் போதும்' என்று சொல்ல முடியாது. மெஷின் இல்லாததால் போன உயிர்களும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஓட்டுநர் இல்லாத மெட்ரோவில் சிக்னல் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? பிரேக் போடும். ரயில் நிற்கும். பயணிகளுக்கு எரிச்சல் வரும், அலுவலகத்துக்கு லேட் ஆகும். ஆனால் நின்ற ரயில் பாதுகாப்பான ரயில். சந்தேகம் வந்தால் நிறுத்து என்ற ஒரே விதியை நம்பி முழு ரயில் பாதையையும் வடிவமைக்க முடியும். போதாதற்கு, தண்டவாளம் ஒன்றுதான். ரயில் இடமோ வலமோ போக வழியில்லை.

விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. கட்டுப்பாட்டு மையத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோகும் நொடியிலும் மேலே இருக்கிற விமானங்கள் பறந்துகொண்டேதான் இருக்கும். கிளம்பாத விமானங்களைத் தரையிலேயே நிறுத்தி வைக்கலாம். வானில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக, பத்திரமாக இறக்கியாக வேண்டும். எரிபொருளுக்கும் அளவு உண்டு.

வானிலை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அது போன்ற நேரத்தில் ஒருவர் இடதுபக்கம் வளைந்து போக அனுமதி கேட்பார், இன்னொருவர் எரிபொருள் குறைவு என்பார், வேறொருவர் பெங்களூருக்குத் திரும்பலாமா என்று யோசிப்பார். பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளமும் அரக்கோணம் கடற்படை விமானத் தளமும் இருக்கின்றன. எல்லாரோடும் பேசி, ஒத்துப்போய் முடிவெடுக்க வேண்டும். எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாத சூழ்நிலைகள் இவை.

அதனால்தான் வான் போக்குவரத்தில் கடைசிப் பொறுப்பு மனிதரிடம் விடப்பட்டிருக்கிறது. 'மெஷின் வழக்கமான வேலையைப் பார்க்கட்டும், சிக்கல் வந்தால் மனிதர் பார்த்துக்கொள்வார்' என்பதுதான் ஏற்பாடு. கேட்க எளிமையாக இருக்கிறது. நடைமுறையில் இது எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் மனிதக் காரணிகள் பற்றிய ஆய்வுத் துறை 70 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது.

டெல்லியில் நடந்தது என்ன?

2025 நவம்பர் 6, 7 தேதிகளில் டெல்லியில் பழுதானது ஏஎம்எஸ்எஸ் என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பு. விமான நிறுவனங்கள் அனுப்பும் பயணத் திட்டங்களை வாங்கி, கன்ட்ரோலர்களின் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதன் வேலை. ஒருவகையில் தபால்காரர் மாதிரி.

விமானங்கள் திரையிலிருந்து காணாமல் போய்விடவில்லை. தபால் மட்டும்தான் நின்றது. ஆனால் ஒரு விமானம் எங்கே போகிறது, எந்தப் பாதை, எந்த உயரம் என்ற விவரம் தானாக வராதபோது, ஒவ்வொன்றையும் கையால் தயாரிக்க வேண்டியதாயிற்று. கூடுதல் ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். அப்படியும் கிளம்புகிற விமானங்களின் வேகத்தைக் குறைக்காமல் சமாளிக்க முடியவில்லை. டெல்லியில் தொடங்கிய தாமதம் மற்ற ஊர்களின் விமானங்களையும் தொற்றிக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அன்றைக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை. தாமதம்தான் ஆனது. கையால் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், மெதுவாகச் செய்தார்கள், அதனால் பத்திரமாக முடிந்தது. அப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

வீட்டில் இருந்த இன்ஜினியர்: லண்டன் பாடம்

சிறுசேரி ஐடி ஊழியர்களுக்கு உடனே புரியக்கூடிய ஒரு சம்பவம் பிரிட்டனில் நடந்தது. 2023 ஆகஸ்ட் 28, அங்கே அரசு விடுமுறை நாள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகிற ஒரு விமானத்தின் பயணத் திட்டம் பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் தவறு இல்லை. ஆனால் பாதையில் இருந்த இரண்டு குறியிடங்களுக்கு ஒரே மூன்றெழுத்துப் பெயர் இருந்தது. ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று பிரான்ஸில்.

சாஃப்ட்வேர் குழம்பிவிட்டது. தவறான தகவலைக் கன்ட்ரோலருக்குக் கொடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. உடனே பேக்கப் அமைப்பு வேலையை எடுத்துக்கொண்டது. அதற்கும் அதே திட்டம், அதே சாஃப்ட்வேர். அதுவும் நின்றது. இவ்வளவும் நடக்க 20 விநாடிகூட ஆகவில்லை.

பயணத் திட்டங்களைக் கையால் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் சுமார் 60-தான் முடிந்தது. அன்றைக்குப் பொறுப்பில் இருந்த இன்ஜினியர் வீட்டிலிருந்து பணியில் இருந்தார். அங்கிருந்தபடி சரிசெய்ய முடியாததால் அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தார். வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆனது. 7 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள்.

இதில் சாஃப்ட்வேர் பிழை ஒரு பங்குதான். சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அவர் எவ்வளவு நேரத்தில் வருவார், அதுவரை இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் மனிதர்கள் சம்பந்தப்பட்ட விஷயம். கோடு எழுதும்போது டெஸ்ட் செய்யப்படுகிற அளவுக்கு இவை டெஸ்ட் செய்யப்படுவதில்லை.

'சும்மா பார்த்துக்கொண்டு இரு' என்பதே கஷ்டமான வேலை

1940-களில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர், ரேடார் ஆபரேட்டர்களின் கவனத்தை ஆராய ஒரு சோதனை செய்தார். கடிகார முள் போன்ற ஒன்று சீராக நகர்ந்துகொண்டே இருக்கும். எப்போதாவது ஒருமுறை இரட்டிப்புத் தூரம் தாவும். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரம் தாண்டியதும் ஆட்கள் அதைத் தவறவிட ஆரம்பித்தார்கள். சோம்பேறித்தனம் இதற்குக் காரணம் இல்லை. எதுவும் நடக்காத ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பதற்கு மனித மூளை அமைக்கப்படவில்லை.

1951-ல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் தலைமையில் ஒரு அறிக்கை வந்தது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காகவே எழுதப்பட்டது. மனிதர் எதில் சிறந்தவர், இயந்திரம் எதில் சிறந்தது என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. வேகமான கணக்கும், அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வதும் இயந்திரத்துக்கு. சூழ்நிலைக்கேற்ப முடிவெடுப்பது மனிதருக்கு. அதன்பிறகு வந்த பல ஆட்டோமேஷன் திட்டங்கள் இந்தப் பட்டியலைத்தான் பின்பற்றின.

1983-ல் பிரிட்டன் ஆய்வாளர் லிசேன் பெய்ன்பிரிட்ஜ் இதில் ஒரு முரண் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: எளிதான வேலையை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், மனிதருக்கு மிஞ்சுவது கஷ்டமான வேலை மட்டும். ஆனால் அந்தக் கஷ்டமான வேலையைச் செய்யும் திறமை எளிதான வேலையைத் தினமும் செய்ததால் வந்தது. தினசரிப் பயிற்சி போய்விட்டால் திறமையும் துருப்பிடிக்கும். எந்த நாளில் மனிதர் மிக அதிகமாகத் தேவைப்படுகிறாரோ, அந்த நாளில் அவர் மிகக் குறைந்த பழக்கத்தோடு வந்து நிற்பார்.

ஜிபிஎஸ் வந்தபிறகு எத்தனை பேருக்கு வேளச்சேரி குறுக்குத் தெருக்கள் மனப்பாடம்? டேட்டா தீர்ந்துபோகிற அன்றைக்குத்தான் அது தெரியவரும். கன்ட்ரோலர்களுக்கு 'பிக்சர்' என்றொரு சொல் உண்டு. தன் பகுதியில் எந்த விமானம் எங்கே இருக்கிறது, அடுத்த பத்து நிமிடத்தில் எங்கே போகும் என்று மனதுக்குள் ஓடும் படம் அது. தானே ஒவ்வொன்றையும் முடிவு செய்துகொண்டிருக்கும்வரைதான் அந்தப் படம் தெளிவாக இருக்கும். இயந்திரம் முடிவு செய்வதை வேடிக்கை பார்ப்பவரிடம் அந்தப் படம் மங்கும். திடீரென்று 'இனி நீ பார்' என்று கொடுத்தால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான நேரத்தை வானம் தராது.

அலாரம் அடிக்கடி அடித்தால்?

சமையலறையில் தாளிக்கும்போதெல்லாம் அலறுகிற புகை அலாரத்தை வீட்டில் என்ன செய்வார்கள்? பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். 1997-ல் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழப் பறந்தால் கன்ட்ரோலரை எச்சரிக்கும் அமைப்பு அங்கே இருந்தது. தேவையில்லாத எச்சரிக்கைகள் அதிகமாக வந்ததால், தீவைச் சுற்றிய பெரும்பகுதிக்கு அது செயல்படாதபடி மாற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை இறங்க வந்த கொரியன் ஏர் விமானம், ஓடுபாதைக்கு முன்னாலேயே மலையில் மோதியது. 228 பேர் இறந்தார்கள். பைலட்டின் தவறுகளோடு சேர்த்து, அந்த எச்சரிக்கை அமைப்பு முடக்கப்பட்டிருந்ததையும் அமெரிக்க விசாரணை அமைப்பு ஒரு காரணமாகக் குறிப்பிட்டது.

பத்து முறை பொய்யாகக் கத்திய மெஷினை பதினோராவது முறை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அலாரம் வைத்தால் மட்டும் போதாது. அது எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு சரியாக அடிக்கிறது என்பதும் பாதுகாப்பில் சேரும்.

மெஷின் 'ஏறு', மனிதர் 'இறங்கு': யாரைக் கேட்பது?

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் நெருங்கின. அந்த வானத்தைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் மையம். அன்றைக்கு அங்கே பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால், திரையில் வர வேண்டிய மோதல் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. இன்னொரு கன்ட்ரோலர் ஓய்வுக்குப் போயிருந்தார். மிச்சமிருந்த ஒருவர் இரண்டு திரைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபத்தைக் கடைசி நேரத்தில் கவனித்த அவர், பயணிகள் விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் அந்த விமானத்தின் டிகாஸ் 'ஏறு' என்றது. பைலட்டுகள் கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கினார்கள். சரக்கு விமானத்துக்கு அதன் டிகாஸ் 'இறங்கு' என்று சொல்லியிருந்தது. அதுவும் இறங்கியது. இரண்டும் மோதின. 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா கிளம்பிய குழந்தைகள்.

பக்கத்து மையமான கார்ல்ஸ்ரூவேயில் இருந்தவர்கள் தங்கள் திரையில் ஆபத்தைப் பார்த்து சூரிச்சுக்குப் போன் செய்தபடியே இருந்தார்கள். இணைப்பு கிடைக்கவில்லை.

டிகாஸ் சரியாகத்தான் வேலை செய்தது. கன்ட்ரோலரும் தனக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் சொன்னார். டிகாஸ் சொன்னது அவருக்குத் தெரியாது. இரண்டும் முரண்பட்டால் யாரைக் கேட்பது என்பது உலகம் முழுக்க ஒரே மாதிரி தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. இப்போது விதி தெளிவு: அப்படி ஒரு நிலை வந்தால் பைலட் டிகாஸைத்தான் பின்பற்ற வேண்டும்.

திரையில் தெரிவது விமானமா, கணக்கா?

வங்கக்கடலின் நடுவில் ரேடார் எட்டாது. அங்கே பறக்கும் விமானங்கள் செயற்கைக்கோள் வழியாகத் தங்கள் இருப்பிடத்தை அவ்வப்போது அனுப்பும். அல்லது பைலட் ரேடியோவில் சொல்வார். ஒரு தகவலுக்கும் அடுத்த தகவலுக்கும் இடையில், விமானம் இந்நேரம் இங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். உண்மையாகப் பார்த்த இடத்துக்கும் கணக்குப் போட்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசம், பார்ப்பவர் மனதில் எப்போதும் இருக்க வேண்டும்.

அது இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதை 2014 மார்ச் 8-ல் காணாமல் போன எம்ஹெச்370 காட்டியது. 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய விமானம் அது. தேடல் தொடங்கிய நேரத்தில், விமானம் கம்போடிய வானில் பறப்பதாக விமான நிறுவனத்தின் தரப்பிலிருந்து கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் பார்த்த திரையில் புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அது பயணத் திட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பது பிறகுதான் தெளிவானது. நிஜ விமானம் வேறு திசையில் போய்விட்டிருந்தது. அந்தக் குழப்பத்தில் போன நேரம் திரும்ப வரவில்லை.

சின்ன விஷயங்களில் பெரிய பாதுகாப்பு

பல மையங்களில் நீண்ட காலம் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதத் துண்டு இருந்தது. ஸ்ட்ரிப் என்பார்கள். பேனாவால் எழுதுவார்கள், வரிசை மாற்றுவார்கள், கவனிக்க வேண்டியதைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுவார்கள். பழங்காலத்து வேலை மாதிரித் தெரியும். ஆனால் கையால் எழுதும்போது விவரம் மனதில் பதிகிறது, பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரே பார்வையில் நிலைமை புரிகிறது என்று பிரிட்டன், பிரான்ஸ் மையங்களில் 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. இதைத் திரைக்கு மாற்றலாம், இப்போது மாறியும் வருகிறது. ஆனால் காகிதத்தோடு போகிற பயன்களையும் சேர்த்துத் திரையில் கொண்டுவர வேண்டும்.

ரேடியோவும் அப்படித்தான். ஒரு பைலட்டிடம் கன்ட்ரோலர் பேசுவது அதே அலைவரிசையில் உள்ள மற்ற பைலட்டுகளுக்கும் கேட்கும். 'நமக்கு முன்னால் ஒருத்தர் மேகத்தைச் சுற்றிப் போகிறார்' என்று அவர்களுக்கும் தெரியும். தவறான உத்தரவு போனால் வேறு யாராவது கேட்டுச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. கடல் மேலே இப்போது எஸ்எம்எஸ் போல எழுத்துச் செய்தி அனுப்பும் முறை வந்திருக்கிறது. இரைச்சலில் காதில் தவறாக விழும் ஆபத்து குறைந்தது நல்ல விஷயம். ஆனால் அந்தச் செய்தி ஒருவருக்கு மட்டும்தான் போகும். பைலட்டின் குரலில் இருக்கும் பதற்றமும் எழுத்தில் தெரியாது.

பெங்களூரில் காப்பாற்றியது யார்?

2022 ஜனவரி 7 காலை. பெங்களூரில் இணையாக உள்ள இரண்டு ஓடுபாதைகளிலிருந்து இரண்டு இண்டிகோ விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளம்பின. ஒன்று கொல்கத்தாவுக்கு, மற்றொன்று புவனேஸ்வருக்கு. ஏறியபிறகு இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. இரண்டிலும் சேர்த்து 400-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

ஒரு ஓடுபாதையை மட்டும் பயன்படுத்துவது என்று எடுத்த முடிவு, மற்ற ஓடுபாதையைக் கவனித்த டவர் கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரவில்லை. இது மனிதர் செய்த தவறு. அதைக் கண்டுபிடித்ததும் மனிதர்தான். அப்ரோச் ரேடார் திரையில் இருந்த கன்ட்ரோலர் கவனித்து, இரண்டு விமானங்களையும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பச் சொன்னார். மோதல் தவிர்க்கப்பட்டது.

அந்தக் கன்ட்ரோலர் அந்த நேரத்தில் விழிப்போடு இருந்தார், மனதில் 'பிக்சர்' இருந்தது, அதனால் சில விநாடிகளில் முடிவெடுக்க முடிந்தது. கடைசித் தடுப்பாக மனிதரை வைப்பது என்றால், அவரை அந்த நிலையில் வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, போதுமான ஆட்கள். 2025 ஆகஸ்டில் விமானப் பாதுகாப்பு குறித்து அறிக்கை தந்த நாடாளுமன்ற நிலைக்குழு, கன்ட்ரோலர்கள் பற்றாக்குறை பற்றியும் அவர்களின் பணிச்சோர்வு பற்றியும் கவலை தெரிவித்தது. 'புது சிஸ்டம் வந்துவிட்டது, ஆளைக் குறைக்கலாம்' என்பது சிஸ்டம் ஓடுகிற நாளுக்கான கணக்கு. சிஸ்டம் நிற்கிற நாளில் ஒரு ஆளுக்குப் பதில் மூன்று பேர் வேண்டும்.

இரண்டாவது, பழக்கம். சிமுலேட்டரில் பழுதான நாளை அடிக்கடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கையால் செய்கிற முறை கையேட்டில் இருந்தால் மட்டும் போதாது, கையிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உண்மையான பேக்கப். அதே சாஃப்ட்வேரின் இன்னொரு பிரதி, அதே இடத்தில்தான் தடுக்கி விழும் என்பதை லண்டன் காட்டிவிட்டது.

நான்காவது, பயன்படுத்துகிறவர்களின் சொல்லுக்கு மதிப்பு. டெல்லி கோளாறுக்குப் பிறகு, ஆட்டோமேஷன் அமைப்புகளின் வேகம் குறைந்துவருவதை முன்கூட்டியே எச்சரித்ததாக கன்ட்ரோலர்கள் சங்கமான ஏடிசி கில்டு சொன்னது. திரை அரை விநாடி தாமதமாக மாறுவது அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் அதன் முன்னால் உட்காருபவருக்குத் தெரியும்.

ஐந்தாவது, தவறைச் சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை. 'நான் ஒரு நொடி தவறவிட்டேன்' என்று ஒருவர் தைரியமாகச் சொன்னால்தான், அந்த இடத்தில் அடுத்தவர் தவறவிடாதபடி அமைப்பை மாற்ற முடியும்.

சுருக்கமாக...

வான் போக்குவரத்தில் ஆட்டோமேஷன் இன்னும் அதிகமாகும். விமானங்கள் பெருகும் வேகத்துக்கு வேறு வழியும் இல்லை. மனிதரா, மெஷினா என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. ஒரு புதிய அமைப்பு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இது நின்றுபோனால் எப்படித் தெரியும்? தெரிந்ததும் யார் எடுத்துச் செய்வார்? அவர் கடைசியாக அதைக் கையால் செய்து பார்த்தது எப்போது?

சிறுசேரியில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து, வங்கிக்கோ மருத்துவமனைக்கோ மின்வாரியத்துக்கோ சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் இந்த மூன்று கேள்விகள் பொருந்தும். விமானம் ஏறி ஜன்னலோரம் உட்காருகிற பயணிக்கு, கீழே ஹெட்செட்டோடு இருப்பவரின் முகம் தெரியப்போவதில்லை. அவர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கிறாரா, பக்கத்து நாற்காலியில் துணைக்கு ஆள் இருக்கிறாரா என்பது மட்டும் அந்தப் பயணிக்கும் முக்கியம்.